மாற்றுத்திறனாளிகள், முதியோர் சங்க ஆண்டறிக்கை: 2024 ஏப்ரல் – 2025 மார்ச்

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான தூரத்து லயங்களில் இருந்து வந்திருக்கும் பெரியவர்களே, அண்ணன் அக்காமாரே, வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். மாதக் கூட்டங்கள் நடந்தன. ஆடி மழையில் மட்டும் ஒன்று தள்ளிப்போனது. கூட்டத்தைக் கோயில் மண்டபத்தில் இருந்து கீழே பிள்ளை மடுவத்துக்கு (குழந்தைகள் காப்பகத்துக்கு) மாற்றச் சொன்னவர்கள் ஊன்றுகோலோடு வரும் உறுப்பினர்கள்தான். மாற்றிய பிறகு பல புது முகங்களைப் பார்க்கிறோம். சந்தோஷம்.

இந்த வருடத்தில் நான் பெரிதாக நினைப்பது கைப்பிடிக் கம்பி வேலையை. வெளியூர் உதவி அமைப்பு ஒன்று சக்கர நாற்காலி தர முன்வந்தது. நல்ல மனதோடுதான் வந்தார்கள். பெயர்ப் பட்டியல் எழுதுவதற்கு முன், வீடு வீடாகப் போய் என்ன வேண்டும் என்று கேட்டோம். சிலருக்கு நாற்காலி கட்டாயம் தேவைப்பட்டது, வாங்கிக் கொடுத்தோம். ஆனால் நம் லயங்கள் சரிவில் இருப்பவை. ஆஸ்பத்திரியில் ஓடுகிற நாற்காலி, பாசி பிடித்த கல்படியில் என்ன செய்யும்? முழங்கால் தேயும் வரை கொழுந்து பறித்த ஒரு பாட்டி சொன்னார்: "தம்பி, எனக்கு வண்டி எதுக்கு? ராத்திரி கக்கூசுக்குப் போக, பிடிச்சு எறங்க ஒரு கம்பி போட்டுக் குடுங்க." அதையே பலரும் கேட்டார்கள். அமைப்பினரிடம் சொன்னோம், ஒத்துக்கொண்டார்கள்.

கம்பியை எங்கே நடுவது என்பதையும் அதைக் கேட்ட உறுப்பினர்களே முடிவு செய்தார்கள். கண் தெரியாத நம் உறுப்பினர் ஒருவர் கோலோடு நடந்து காட்டி, கம்பி முதல் படியில் தொடங்கக் கூடாது, படிக்குக் கொஞ்சம் முன்னாலேயே தொடங்க வேண்டும், அப்போதுதான் படி வருவது கைக்குத் தெரியும் என்றார். கண் தெரிந்த எங்கள் யாருக்கும் அது தோன்றவில்லை. வேலைக்கு வந்த இளைஞர்களுக்கு நன்றி.

அடுத்து, அதிகாரிகள் ஊருக்கே வந்து வேலை முடித்துக் கொடுக்கும் நடமாடும் சேவை. அரசின் மாத உதவிப் பணமான கொடுப்பனவுக்கு விண்ணப்பிக்கும் நாளை அதிகாரிகள் மேல்மாடி மண்டபம் ஒன்றில் வைத்தார்கள். யாருக்காக வந்தார்களோ அவர்கள் வாசலில் நிற்க, பிள்ளைகள் படிவத்தோடு ஏறி இறங்கினார்கள். படிவமும் சிங்களத்தில் இருந்தது. பொதுக் கட்டிடங்களை மாற்றுத்திறனாளிகள் அணுகும் வகையில் அமைக்க 2006 இலேயே ஒழுங்குவிதிகள் வந்துவிட்டன. அதைக் காட்டி, பாதிக்கப்பட்டவர்கள் தாங்களே கையெழுத்தும் கைநாட்டும் வைத்து மனு கொடுத்தார்கள். அடுத்த சேவை தரைத்தளத்தில், தமிழ்ப் படிவத்தோடு நடந்தது.

2025 பெப்ரவரியில் வந்த அரசின் வரவு செலவுத் திட்டத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கான மாதக் கொடுப்பனவை 7,500 ரூபாவில் இருந்து 10,000 ஆகவும், முதியோர் கொடுப்பனவை 3,000 இல் இருந்து 5,000 ஆகவும் உயர்த்துவதாக அறிவித்திருக்கிறார்கள். வரவேற்கிறோம். ஆனால் லயத்து வீடுகளுக்குத் தனி முகவரி இல்லாததால் கடிதங்கள் தோட்டத்து ஆபிசில் தேங்குகின்றன; தகுதி இருந்தும் சிலருக்கு அழைப்பு வந்ததே, தேதி முடிந்த பிறகுதான் தெரிகிறது.

இலங்கை 2016 இல் ஏற்றுக்கொண்ட ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சமவாயத்தின் நான்காம் உறுப்புரை, அவர்களைப் பாதிக்கும் தீர்மானங்களில் அவர்களுடைய அமைப்புகளோடு கலந்து பேசி, அவர்களையும் பங்கேற்கச் செய்ய வேண்டும் என்று அரசுகளைக் கடமைப்படுத்துகிறது. 2000 ஆம் ஆண்டு 9 ஆம் இலக்கச் சட்டம் முதியோர் உரிமைகளைப் பாதுகாக்கிறது. ஆகவே வருகிற வருடத்துக்கு நிர்வாகக் குழு முன்வைப்பவை இவை: பிரதேச செயலகத்தில் சமூக சேவைக் கூட்டம் நடக்கும்போது நம் உறுப்பினர் இருவர், அதில் ஒருவர் பெண், பேசும் உரிமையோடு உட்கார வேண்டும். காது கேளாதவர் போனால் சைகை மொழி தெரிந்த ஒருவர் கூடப் போக வேண்டும், அவருடைய பஸ் காசைச் சங்கம் கொடுக்கும். அப்புறம், கடிதங்களை வாரம் ஒருமுறை ஆபிசில் வாங்கி வீட்டில் சேர்க்க ஒவ்வொரு லயத்திலும் ஒரு பிள்ளையை நியமிக்க வேண்டும். பெயர் தர விரும்பும் பெற்றோர் இன்றே என்னிடம் சொல்லலாம்.

அறிக்கையைச் சபை ஏற்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்