ஆப்பிரிக்கா போய் வந்தவருக்குக் காய்ச்சலா? முதலில் ரத்தம் எடுத்து மலேரியா பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆப்பிரிக்காவுக்குப் போய் வருவது நம் கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் இப்போது அபூர்வமில்லை. கிரானைட் வியாபாரத்துக்குப் போகிறார்கள், ஓசூர் கம்பெனிகளிலிருந்து மெஷின் மாட்டப் போகிறார்கள், போன இடத்தில் உள்ளூர்க் கூட்டாளி "வாங்க, நாலு நாள் காட்டுக்குப் போய்ட்டு வரலாம்" என்று வேட்டை சஃபாரிக்கு அழைத்தால் ஆசையாகக் கிளம்பிவிடுகிறார்கள். வேட்டை நம் நாட்டில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கென்யாவிலும் 1977-லேயே தடை போட்டுவிட்டார்கள். தான்சானியா, சாம்பியா, ஜிம்பாப்வே போன்ற நாடுகளில்தான் லைசென்ஸ் வாங்கிச் செய்கிறார்கள். எனக்கு அதில் துளியும் உடன்பாடு கிடையாது, கேமராவோடு போனால் போதாதா என்றுதான் கேட்பேன். ஆனால் துப்பாக்கியோடு போனாலும் கேமராவோடு போனாலும் கொசு கடிக்கும், நான் எழுத வந்தது அதைப் பற்றி.

சுகாதார ஆய்வாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். என் அக்கா மருமகன் சாம்பியாவில் லுவாங்வா ஆற்றோரம் இப்படி ஒரு முகாமில் தங்கிவிட்டு ஊர் திரும்பி, கொஞ்ச நாளில் குளிரும் காய்ச்சலுமாகப் படுத்தார். போன தனியார் மருத்துவமனையில் தட்டணு குறைந்திருக்கிறது, டெங்குதான் என்று சொல்லி குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டே இருந்தார்கள். மலேரியாவிலும் தட்டணு குறையும். எந்த ஊருக்குப் போய் வந்தீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை, அவரும் வாய் திறக்கவில்லை. கண் மஞ்சளாகிப் பேச்சு குழறிய பிறகுதான் ரத்தத் தடவல் (கண்ணாடித் துண்டில் ரத்தம் தடவி மைக்ராஸ்கோப்பில் கிருமி பார்ப்பது) எடுத்தார்கள். ஃபால்சிபாரம் வகை மலேரியா. பிழைத்து வந்துவிட்டார், ஆனால் அக்கா குடும்பம் பட்ட பாடு எனக்குத் தெரியும்.

நம் ஊரில் பெரும்பாலும் பார்ப்பது வைவாக்ஸ் வகை மலேரியா. ஆளைப் போட்டு உலுக்கும், உயிரை எடுப்பது குறைவு. ஆப்பிரிக்காவில் பரவலாக இருப்பது ஃபால்சிபாரம், அது மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் போய் ஓரிரு நாளிலேயே ஆளை முடித்துவிடக்கூடியது. அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு உடம்பில் ஓரளவு எதிர்ப்பு இருக்கும், புதிதாகப் போகிற நமக்கு அது கிடையாது. "எனக்கு இங்கயே ரெண்டு தடவை மலேரியா வந்துருக்கு, ஒண்ணும் ஆகாது" என்று சொல்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து அந்த நம்பிக்கையில் போகாதீர்கள்.

போகும் முன்பே மலேரியா தடுப்பு மாத்திரை ஆரம்பிக்க வேண்டும். மருந்துக்கடையில் பழைய பழக்கத்தில் குளோரோகுயின் கொடுப்பார்கள், ஆப்பிரிக்க ஃபால்சிபாரத்துக்கு அதை நம்பவே கூடாது. டாக்சிசைக்ளின் என்றால் கிளம்புவதற்கு ஓரிரு நாள் முன்னால் தொடங்கி, தினம் 100 மி.கி., ஊர் திரும்பிய பிறகும் 4 வாரம் விடாமல் சாப்பிட வேண்டும். இந்த 4 வாரத்தில்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள், வீட்டுக்கு வந்தாச்சே இனி எதுக்கு என்று. அடோவாகோன், புரோகுவானில் சேர்ந்த மாத்திரை என்றால் திரும்பியபின் 7 நாள் போதும், விலை கூடுதல். எது யாருக்கு என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும், கர்ப்பிணிகளுக்கும் சின்னக் குழந்தைகளுக்கும் டாக்சிசைக்ளின் ஆகாது.

மாத்திரை மட்டும் போதாது, கடியே படாமல் பார்க்க வேண்டும். மலேரியா பரப்பும் அனாஃபிலிஸ் கொசு பொழுது சாய்ந்ததிலிருந்து விடியும் வரை கடிக்கும், வேட்டைக்காரர்கள் நீர்நிலைப் பக்கம் மறைவில் அசையாமல் உட்காருவதும் விடியலிலும் அந்தியிலும்தான். வாசனைக்கு மிருகம் ஓடிவிடும் என்று கொசு மருந்தே பூசாமல் உட்காருகிறார்கள். சட்டை பேன்ட்டில் பெர்மெத்ரின் என்ற பூச்சிமருந்தைத் தெளித்து நன்றாகக் காயவைத்துவிட்டால் வாசனையே இருக்காது (துணிக்கு மட்டும், தோலில் பூசக்கூடாது). தோலுக்கு பிகாரிடின் கலந்த கொசு மருந்து கிட்டத்தட்ட வாசனை இல்லாதது. டீட் கலந்த மருந்தும் நன்றாக வேலை செய்யும், ஆனால் பிளாஸ்டிக்கை அரிக்கும், பைனாகுலரும் வாட்ச் ஸ்ட்ராப்பும் பிசுபிசுத்துப் போகும். அப்புறம் ராத்திரி கணப்பைச் சுற்றி அரைக்கால் சட்டையும் செருப்புமாக உட்கார்ந்து பேசும்போது மேலே புகை இருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறோம், கீழே கொசு கணுக்காலைப் பதம் பார்த்துக்கொண்டிருக்கும். சாக்ஸ் போடுங்கள். கொசுவலையைத் தொங்கவிட்டால் பத்தாது, நாலு பக்கமும் மெத்தைக்கு அடியில் செருக வேண்டும்.

பகலில் வேறொன்று, செட்சி ஈ. ஓடுகிற ஜீப்பைத் துரத்தி வந்து உள்ளே புகுந்து, மெல்லிய துணிக்கு மேலேயே குத்தும். தூக்க நோயை (மூளையைத் தாக்கும் ஒரு கிருமி நோய்) பரப்புவது இதுதான். பூசும் மருந்தெல்லாம் இதனிடம் அவ்வளவாகப் பலிக்காது. நீலமும் கறுப்பும் இதற்குப் பிடித்த நிறங்கள், அதைப் பிடிக்க வைக்கும் பொறியையே அந்த நிறத் துணியில்தான் செய்கிறார்கள். அதனால் ஜீன்ஸை ஊரிலேயே வைத்துவிட்டு, தடித்த காக்கித் துணி எடுத்துப் போங்கள். புல்வெளியில் நடந்து வந்தால் உண்ணி ஏறியிருக்கும், அக்குள், தொடையிடுக்கு, முழங்கால் மடிப்பு எல்லாம் தேடிப் பார்க்க வேண்டும். மண்ணெண்ணெய் ஊற்றுவது, பீடியால் சுடுவது எல்லாம் வேண்டாம், தோலை ஒட்டி இடுக்கியால் பிடித்து நேராக இழுத்தால் வந்துவிடும். கடித்த இடத்தில் கறுத்த பொருக்கு கட்டிக் காய்ச்சலும் வந்தால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம், டாக்டரிடம் அந்தப் பொருக்கைக் காட்டுங்கள்.

என் கோரிக்கை இரண்டுதான். ஒன்று, நம் மாவட்ட மருத்துவர்களுக்கு: காய்ச்சல் என்று வருகிறவரிடம் வெளிநாடு போனீர்களா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். ஆமாம் என்றால் அன்றைக்கே ரத்தத் தடவல் எடுங்கள், முதல் தடவை கிருமி தெரியவில்லை என்று விட்டுவிடாமல் அடுத்த இரண்டு நாளும் திரும்ப எடுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதற்குக் காசு கிடையாது. அனாஃபிலிஸ் நம் ஊர்த் தண்ணீர்த் தொட்டியிலும் கிணற்றிலும் இருக்கிறது, கிருமியோடு வந்தவரைக் கடித்தால் அக்கம்பக்கத்துக்கும் பரப்பிவிடும்.

இரண்டாவது, சுகாதாரத் துறைக்கு. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிக்கு சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் வரை போகிறவர்கள் மலேரியா மாத்திரை பற்றி ஒன்றும் தெரியாமலே விமானம் ஏறுகிறார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் வாரத்தில் ஒரு நாள், வெளிநாடு கிளம்புகிறவர்களுக்கு ஆலோசனை சொல்லி, மாத்திரை எழுதிக் கொடுக்க ஒரு டாக்டரை உட்கார வைத்தால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற சுகாதார ஆய்வாளர்,
ராயக்கோட்டை, கிருஷ்ணகிரி மாவட்டம்.