பொருள்: பம்ப் ரூம் பேனலை இடம் மாற்றித் தராதது (நான்காவது கடிதம்)

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு, கோவை.

ஐயா, வணக்கம். பெங்களூரு அல்சூரில் எங்கள் அடுக்குமாடியின் பேஸ்மென்ட்டில் உங்கள் ஆட்கள் மாட்டிவிட்டுப் போன பம்ப் பேனல், அதாவது மோட்டாரை இயக்கும் சுவிட்ச் பெட்டி, பற்றித்தான் மறுபடியும் எழுதுகிறேன். எந்த மாடல் என்று நான் விளக்க வேண்டியதில்லை, செய்தவர்கள் நீங்கள்.

பேனலுக்கு முன்னால் 1 மீட்டராவது காலி இடம் வேண்டும் என்று மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிமுறையிலேயே இருக்கிறது. டேப் வைத்து அளந்தேன், 58 சென்டிமீட்டர். கதவைத் திறந்தால் மோட்டாரின் டெர்மினல் பாக்ஸில் (வயர் இணைக்கும் பெட்டியில்) இடித்துப் பாதியில் நிற்கிறது. போன வாரம் எங்கள் எலக்ட்ரிஷியன் மெயினை ஆஃப் செய்துவிட்டு அந்தச் சந்தில் குந்தி உட்கார்ந்தார். அப்போதுதான் நின்ற மோட்டாரின் சூடு முதுகில் பட்டதும் துள்ளினார், நெற்றி பேனலில் மோதியது. கரண்ட் இருந்திருந்தால்? இனி அதில் கை வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். 11 நாளாகத் தண்ணீர் லாரிதான். 48 குடும்பமும் நடுத்தெருவுக்கு வந்துவிட்டோம் என்றே சொல்லலாம்.

இதற்கு உங்கள் கால் சென்டர் ஆள் சொன்ன பதில்: "நின்னு சுவிட்ச் போட இடம் இருக்குல்ல சார், அங்க என்ன டான்ஸா ஆடப் போறீங்க?" எனக்கு வயது 63. மகன் வயதுப் பையன். அவர் பெயரைக் கேட்டதும் லைன் கட்.

பீன்யா கிளைக்கு வரச் சொன்னதால் மெஜஸ்டிக்கில் மெட்ரோ மாறி, ஆட்டோ பிடித்துப் போனேன். இன்ஜினியர் சைட்டுக்குப் போயிருக்கிறாராம். எந்த சைட்? எங்கள் பம்ப் ரூம்தான்! நான் இங்கே, அவர் அங்கே.

பேனலின் பின்பக்கத்தை மறந்துவிட்டேன். அங்கே வயர் இணையும் டெர்மினல்கள் மூடியில்லாமல் இருக்கின்றன. அப்படியானால் அதே விதிமுறைப்படி சுவருக்கும் பேனலுக்கும் இடையே 20 சென்டிமீட்டருக்குக் குறைவாக இருக்க வேண்டும், அல்லது 75-க்கு மேல். ஆள் நுழையவே முடியக் கூடாது, நுழைந்தால் தாராளமாக நிற்க வேண்டும், அதுதான் கணக்கு. நீங்கள் விட்டிருப்பது 40. ஒருவர் பக்கவாட்டில் நுழைந்து மாட்டிக்கொள்ளச் சரியான அளவு.

உங்கள் பம்ப் மேல் எங்களுக்குக் குறை இல்லை, நன்றாகத்தான் ஓடியது. தயவுசெய்து பேனலை எதிர்ச் சுவருக்கு மாற்றிக் கொடுங்கள், அங்கே இடம் இருக்கிறது. வரும் வெள்ளிக்குள் ஆள் வராவிட்டால் நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் செய்துவிட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். லாரித் தண்ணீர் பில் ஒவ்வொன்றும் என்னிடம் இருக்கிறது.

வருகிறவரை டேப் எடுத்து வரச் சொல்லுங்கள். போன முறை வந்தவர் என் டேப்பை வாங்கினார், இன்னும் திருப்பித் தரவில்லை.

இப்படிக்கு,
செயலாளர், குடியிருப்போர் சங்கம்