கிருஷ்ணகிரி மாவட்டச் சமூக அறிவியல் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கு, வணக்கம்.

பர்கூர் பக்கம் கிரானைட் குவாரிகளில் 18 வருடம் வேலை பார்த்தவன் நான். பூமியின் மேலோடு பெரிய பெரிய பாறைத் தட்டுகளாகப் பிரிந்து மெல்ல நகர்கிறது, அதில் ஒன்றின் மேல்தான் நம் நாடு இருக்கிறது. ஒன்பதாவது படிக்கும் என் மகளிடம், "இந்தியத் தட்டு தெற்கே எங்கம்மா முடியுது?" என்று கேட்டேன். "கன்னியாகுமரியில" என்றாள். நோட்டிலும் நாட்டு வரைபடத்தைச் சுற்றிக் கோடு போட்டு, அதுதான் தட்டு என்று எழுதியிருந்தாள். அவள் தோழிகளுக்கும் அதே எண்ணம்தான்.

கடற்கரை தட்டின் ஓரம் இல்லை என்பதைத் தயவுசெய்து அழுத்திச் சொல்லுங்கள். நம் தட்டு கடலுக்கு அடியிலும் வெகுதூரம் போகிறது. கிழக்கே சுமத்ரா, அந்தமான் பக்கத்து ஆழ்கடல் அகழியில் பக்கத்துத் தட்டுக்குக் கீழே இறங்குகிறது. 2004 டிசம்பர் 26 அன்று நழுவியது அந்த ஓரம்தான். நாகப்பட்டினத்துக்கு வந்த அலை அங்கே கிளம்பியது என்றால் எந்தப் பிள்ளை மறக்கும்? ஓரத்தில் மட்டும்தான் நிலம் நடுங்கும் என்றும் நினைக்கிறார்கள். 1993இல் ஆயிரக்கணக்கானோரைப் பலிகொண்ட மகாராஷ்டிரத்து லாத்தூர் நிலநடுக்கம் தட்டின் உட்பகுதியில் வந்தது.

சரி, நான் எழுத உட்கார்ந்தது வேறொன்றுக்காக. பாடத்தில் இமயமலை வருகிறது, அது தட்டுகளின் மோதலில் எழும்பத் தொடங்கி ஏறக்குறைய 5 கோடி வருடம். நம் ஊர்ப் பாறைக்கோ சுமார் 250 கோடி வயது! அதைப் பற்றி வகுப்பில் ஒரு வார்த்தை இல்லை என்பதுதான் என் வருத்தம்.

குவாரியில் வயர் சா (கல்லை அறுக்கும் கம்பி ரம்பம்) அறுத்த பாறை முகத்தில் தண்ணீர் ஓடும்போது பார்த்திருக்கிறீர்களா? கருப்பும் இளஞ்சிவப்பும் வரிவரியாகச் சுழன்றிருக்கும், கொதிக்கும் உலையில் கேழ்வரகு மாவைப் போட்டுக் களி கிண்டும்போது சுழலுமே, அதே மாதிரி. பூமிக்குள் ஆழத்தில் பாதி உருகி, நெளிந்து, இறுகிய கல் அது. அந்தக் காலத்தில் நிலத்துண்டுகள் மோதி ஒட்டியதன் தடம் இது என்று நிலவியலாளர்கள் பலர் சொல்கிறார்கள். இன்று தட்டின் எல்லையிலிருந்து இவ்வளவு தள்ளி இருக்கும் நாம், ஒரு பழைய எல்லையின் மேல் குடியிருக்கலாம்.

குவாரிப் பள்ளத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போக வேண்டாம், ஆபத்து. பாலிஷ் பட்டறை வாசலில் உடைந்த துண்டுகள் குவிந்து கிடக்கும். ஒன்றைக் கேட்டு வாங்கி மேசைமேல் வைத்து, ஈரத்துணியால் துடைத்துக் காட்டுங்கள். எந்தப் பள்ளிக்கு வேண்டுமானாலும் நானே சுமந்து வந்து தருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு மாணவியின் அப்பா