வாடகை வீடு: பற்றுச்சீட்டும் கிணறும் குழியும்

ஆசிரியர் அவர்கட்கு,

ஜனவரி இடமாற்றத்தோடு மட்டக்களப்பு நகரிலும் கல்முனையிலும் வாடகை வீடு தேடும் ஆசிரியர்களும் வங்கி உத்தியோகத்தர்களும் கூடிவிடுவார்கள். பல்கலைக்கழகங்கள் உள்ள வந்தாறுமூலை, ஒலுவில் பக்கம் மாணவர்களுக்கு அறை விடுவது ஆண்டு முழுதும் நடக்கிறது. ஆனால் இங்கே வீடு விடுகிறவர்களில் பலர் அதைத் தொழிலாக நினைத்துத் தொடங்கியவர்கள் அல்லர். மகளுக்குக் கொடுத்த சீதனவீடு, அவள் குடும்பம் கட்டாருக்கோ கனடாவுக்கோ போனதும் பூட்டிக் கிடக்கிறது. கறையான் அரிக்கும் முன் யாராவது இருக்கட்டும் என்று கொடுத்துவிடுகிறார்கள். பயப்படத் தேவையில்லாததற்குப் பயந்து, கவனிக்க வேண்டியதை விட்டுவிடுவதும் இதனால்தான்.

முதலாவது பயம், வாடகை வாங்கியதற்குக் கொடுக்கும் பற்றுச்சீட்டு. "துண்டு குடுத்தா பத்து வருசத்தில வளவு அவனுக்குப் போயிரும்" என்று சொல்லாத ஊர் இல்லை. சட்டம் சொல்வது நேர்மாறானது. ஆட்சியுரிமை பற்றிய 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, பத்து வருட ஆட்சி என்பது உரிமையாளருக்கு வாடகை கொடுக்காமலும் அவருடைய உரிமையை ஒப்புக்கொள்ளாமலும் இருந்த ஆட்சி. மாதாமாதம் வாடகை கொடுத்தவர் உங்களை மாதாமாதம் உரிமையாளர் என்று ஒப்புக்கொள்கிறார். அவர் கையெழுத்தும் உள்ள பற்றுச்சீட்டு அடிக்கட்டைதான் உங்கள் கையிலுள்ள மிகப் பெரிய சாட்சி. உண்மையில் ஆபத்து எங்கே என்றால், "சும்மா இருங்க, வீட்டைப் பாத்துக்கொள்ளுங்க" என்று உறவினரை எழுத்தில்லாமல் இருத்திவிட்டுப் பதினைந்து வருடம் வெளிநாட்டில் இருப்பதில்.

இரண்டாவது, உடன்படிக்கை. கடையில் வாங்கிய படிவத்தில் முத்திரை ஒட்டி, இரண்டு சாட்சி வைத்து, "ஒரு வருடத்துக்கு" என்று எழுதிக் கையெழுத்திடுவது வழக்கம். 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன் எழுதப்பட வேண்டும். அப்படி இல்லாத தாளில் எத்தனை வருடம் போட்டிருந்தாலும், சட்டத்தின் கண்ணில் மிஞ்சுவது மாத வாடகை மட்டுமே. இடையில் அவர் ஒரு மாத அறிவித்தலோடு போய்விட்டால் மீதி மாதங்களைக் கேட்க முடியாது. வாடகைச் சட்டம் கட்டுப்படுத்தாத வீடென்றால் நீங்களும் அப்படியே அறிவித்தல் கொடுத்து அவரை வெளியேறச் சொல்லலாம். 2023 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கச் சட்டம், குத்தகைக் காலம் முடிந்தும் போகாதவரிடமிருந்து மாவட்ட நீதிமன்றத்தில் சுருக்கமுறையாக வீட்டை மீட்க வழி திறந்திருக்கிறது. முறையாக எழுதிய குத்தகை இல்லாதவருக்கு அந்தக் கதவு பயன்படாது. 1972 ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் இன்னும் கட்டுப்படுத்தும் நகரத்துப் பழைய வீடுகளுக்கும் அது பொருந்தாது.

எங்கள் பகுதிக்கே உரிய ஒரு பிழையும் உண்டு. காணி உறுதி மனைவியின் பெயரில் இருக்கும். கையெழுத்துக் கணவர் வைப்பார். அல்லது உறுதி லண்டனில் இருக்கும் மகள் பெயரில், கையெழுத்து அப்பா. உறுதியில் யார் பெயரோ அவர், அல்லது குத்தகைக்கு விடவும் வழக்குப் போடவும் தெளிவாக அதிகாரம் கொடுத்த அற்றோணித் தத்துவம் (தமக்காகச் செயற்பட இன்னொருவருக்கு எழுதிக்கொடுக்கும் பத்திரம்) வைத்திருப்பவர்தான் எழுத வேண்டும். "எனது காணிகளைப் பராமரிக்க" என்று பொதுவாக எழுதிய தத்துவம் வழக்கில் இழுபடும்.

வாடகை தராதவரை என்ன செய்வது? ஆத்திரத்தில் பூட்டை மாற்றுவது, மின்சாரத்தை வெட்டுவது, சாமானை முற்றத்தில் வைப்பது, எல்லாமே உரிமையாளருக்குத்தான் வினை. தகராறில் அமைதி குலையும் என்று கண்டால், 1979 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்க முதனிலை நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66 ஆம் பிரிவில் பொலிஸார் வழக்கை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோவார்கள். அதற்கு முந்திய இரண்டு மாதத்துக்குள் பலவந்தமாக வெளியேற்றப்பட்டவர் என்று தெரிந்தால் அவரையே நீதிமன்றம் திரும்ப இருத்தும். வீடு யாருடையது என்ற கேள்வி அங்கே எழாது.

இனி வீட்டுக்கு வருவோம். கூரை, சுவர், வயரிங், மலக்குழி ஆகியவை உரிமையாளரின் பொறுப்பு. பல்ப், குழாய் வாசர், குப்பை, வாசற்படிச் சுத்தம் இருப்பவருடையது. தகராறு வருவது நடுவில், அதிலும் தண்ணி மோட்டரில். ஆவணி, புரட்டாதியில் கிணற்றில் நீர் இறங்கும்போது குழாயின் அடியிலுள்ள புட்வால்வ் தண்ணீருக்கு மேலே வந்து, மோட்டர் காய்ந்து ஓடி எரிந்துவிடும். பழுது யார் செலவு, குழாயை இறக்க யார் ஆள் பிடிப்பது என்று முன்கூட்டியே எழுதிவைப்பது இரண்டு வரி வேலை.

கிணறுதான் பெரிய விடயம். கிணற்றுக்கும் மலக்குழிக்கும் இடையே 50 அடி வேண்டும் என்பது பொதுவான கணக்கு. 10 பேர்ச் காணி 2,722 சதுர அடி. சதுரமாக இருந்தால் பக்கத்துக்கு 52 அடி. கிணற்றை ஒரு மூலையிலும் குழியை எதிர் மூலையிலும் வைத்தால்தான் தூரம் கிடைக்கும். அந்த வளவிலேயே பின்னால் ஓர் அனெக்ஸ் (சிறு துணைவீடு) கட்டி இன்னொரு குழி வெட்டினால் கணக்கு உடைகிறது. பக்கத்து வளவுக் கிணற்றையும் சேர்த்துப் பார்த்தால் இன்னும் மோசம். மணல் நிலத்தில் நீர் வடிவது நல்லதுதானே என்பார்கள். வடிவது வேகம், வடிகட்டுவது குறைவு. மாரியில் நிலத்தடி நீர் காலடிக்கு ஏறும்போது குழி வடிய இடமின்றி மலசலகூடம் திரும்பி வரும், கசிவு கிணற்றுக்குப் போகும். நான்கு பேருக்குக் கட்டிய குழியில் எட்டு மாணவர் இருந்தால் அது மாரி வரைகூடக் காத்திருக்காது. குடிக்கக் குழாய் நீர் இணைப்பு, குளிக்கவும் தோய்க்கவும் கிணறு என்று பிரிப்பதே இப்படியான வளவுக்கு ஏற்ற வழி.

வெள்ளம் புகுந்த கிணற்றை உடனே அடிவரை இறைக்கக் கூடாது. சுற்றிலும் மண் ஊறி நிற்கும்போது உள்ளே வெறுமையாக்கினால் கிணற்று வளையம் சரியும், மணல் பாயும். வெளியே தண்ணீர் வடிந்தபின் கொஞ்சம் கொஞ்சமாக இறைத்து, வளையத்தைத் தேய்த்துக் கழுவி, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சொல்லும் அளவுக்கு வெளிற்றும் தூள் கரைத்து ஊற்றி, ஓர் இரவு விட்டு, மணம் போகும்வரை இறைக்க வேண்டும். இந்தச் செலவை உரிமையாளர்தான் ஏற்க வேண்டும். நுளம்பு பெருகும் இடம் கண்டால் 2007 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டம் உரிமையாளரையும் விடாது, இருப்பவரையும் விடாது. கூரைப் பீலியும் வெற்று நீர்த்தாங்கியும் ஐப்பசிக்கு முன் துப்புரவாக இருக்கட்டும்.

மின்சாரத்தில் இரண்டு விடயம். கோடையில் காய்ந்த மணலில் எர்த் கம்பி சரியாக வேலை செய்யாது. ஆகவே மின் ஒழுக்கு வந்தால் தானாக இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் இல்லாத வீட்டை வாடகைக்கு விடவே கூடாது. அதன் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். அடிக்கடி விழுகிறது என்று அதைத் தாண்டி வயர் கொடுப்பவரும் உண்டு. விழுவது எங்கோ மின் ஒழுக்கு இருப்பதால்தான். அடுத்தது மீற்றர். மாதம் 55 அலகு வீதம் பாவிக்கும் இரண்டு குடும்பங்கள் தனித்தனி மீற்றரில் 60 க்குள் நிற்கும். ஒரே மீற்றரில் 110 ஆகி, கட்டணப் பட்டியே மாறிவிடும். உள்ளே உபமீற்றர் போட்டாலும் மின் வழங்கும் நிறுவனத்துக்கு அது ஒரே வீடுதான். அனெக்ஸுக்குத் தனி இணைப்பு எடுக்க முடியாவிட்டால், மொத்தப் பட்டியலை அலகு விகிதப்படி பிரியுங்கள். கூடிய கட்டண அலகுகளை எல்லாம் அனெக்ஸ்காரர் தலையில் போடுவது நியாயமில்லை.

இணைப்பு உரிமையாளர் பெயரில் இருப்பதால் நிலுவையும் அவர் பெயரில்தான் ஏறும். சாவி கொடுக்கும் நாளிலும் வாங்கும் நாளிலும் மின், நீர் மீற்றர்களைப் படம் எடுத்து, இலக்கத்தை எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். கடைசிப் பட்டியல் வரும்வரை அதற்கு ஈடான தொகையை மட்டும் முற்பணத்தில் நிறுத்தி, மீதியை அன்றே கொடுத்து, கொடுத்ததற்கும் கையெழுத்து வாங்குங்கள்.

வாசகர்,
கல்லடி, மட்டக்களப்பு.