யூனிட்டேரியன் வரலாறு அமெரிக்காவில் தொடங்கவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

யூனிட்டேரியன் என்னும் கிறித்தவப் பிரிவின் சபைகளைப் பற்றித் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரை, 1819இல் அமெரிக்காவின் பால்டிமோரில் போதகர் வில்லியம் எல்லரி சானிங் ஆற்றிய பேருரையிலிருந்து அவற்றின் வரலாற்றைத் தொடங்கியிருந்தது. அமெரிக்கச் சபைகளுக்கு அவ்வுரை அடித்தளமானது என்பதில் ஐயமில்லை. ஆனால், கடவுள் ஒருவரே, தந்தை, மகன், தூய ஆவி என மூவராய் ஒரே கடவுள் என்னும் திரித்துவத்துக்கு வேதத்தில் ஆதாரமில்லை என்னும் கொள்கை, அதற்கு இரண்டரை நூற்றாண்டுகளுக்கு முன்பே, இன்றைய ருமேனியாவிலுள்ள திரான்சில்வேனியாவில் சபையாகவே உருப்பெற்றுவிட்டது.

திரித்துவத்தை மறுத்து எழுதிய மிக்கேல் செர்வெட்டஸ் 1553இல் ஜெனீவாவில் உயிரோடு எரிக்கப்பட்டார். பதினைந்தே ஆண்டுகளில், 1568 ஜனவரியில் திரான்சில்வேனியாவின் டோர்டா நகரில் கூடிய சட்டமன்றம், போதகர்கள் தாங்கள் உணர்ந்தவாறே சுவிசேஷத்தைப் பிரசங்கிக்கலாம் என்றும், சபையார் அதை ஏற்காவிடில் அவர்களை எவரும் வற்புறுத்தலாகாது என்றும், விசுவாசம் கடவுள் அளிக்கும் கொடை என்றும் அறிவித்தது. இதற்குத் தூண்டுகோலாக இருந்த பெரென்ஸ் டாவிட், கத்தோலிக்கக் குருவாகத் தொடங்கி, லூத்தரன், கால்வினிய என்னும் புராட்டஸ்டன்ட் சபைகளைக் கடந்து யூனிட்டேரியன் கொள்கைக்கு வந்தவர். திரான்சில்வேனியாவை ஆண்ட மன்னர் ஜான் சிகிஸ்மண்டின் அரசவைப் போதகர். நாட்டில் திரளாக வாழ்ந்த ருமேனிய ஆர்த்தடாக்ஸ் மக்களுக்கு அந்த உரிமை சமமாகக் கிட்டவில்லை என்பதையும் மறைக்கலாகாது.

1571இல் மன்னர் இறந்ததும் நிலைமை தலைகீழானது. மதத்தில் புதுமை புகுத்துவதைத் தடுக்கும் சட்டம் வந்தது. இயேசுவை நோக்கிச் செபிக்கலாகாது என்று டாவிட் போதித்தபோது, அதுவரை அவருக்குத் தோள்கொடுத்த அரசவை மருத்துவர் பியாந்திராட்டாவே அவர்மீது குற்றம் சுமத்தினார். டாவிட் 1579இல் தேவா கோட்டைச் சிறையில் இறந்தார். அவர் நிறுவிய சபையோ இன்றும் அங்கே இயங்குகிறது.

நம் சென்னைக்கும் இவ்வரலாற்றில் இடமுண்டு. திரித்துவத்தை மறுப்போருக்கான தண்டனைகளை இங்கிலாந்து நாடாளுமன்றம் நீக்கிய அதே 1813இல், வில்லியம் ராபர்ட்ஸ் என்னும் தமிழர் புரசைவாக்கத்தில் யூனிட்டேரியன் ஆலயம் எழுப்பினார். ஐரோப்பியப் பாதிரியார் எவரும் அனுப்பப்படாமல், இங்கிலாந்து யூனிட்டேரியன்களின் நூல்களைப் படித்துத் தாமாகவே இக்கொள்கையைத் தழுவியவர் அவர். டோர்டாவையும் புரசைவாக்கத்தையும் உள்ளடக்கிய கட்டுரையொன்றைத் தாங்கள் வெளியிட வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர், சென்னை