‘குட்’ போட்டிருக்கிறது, சேர்க்கலாமா?

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. முட்டி வலி, நைட் டியூட்டி என்று காரணம் சொல்லலாம். ஆனால் நீ கேட்டதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல வரவில்லை, அதனால்தான் தள்ளிப்போட்டேன். ‘அத்தையைச் சேர்க்க நினைக்கிற கேர் ஹோமுக்கு, இங்கிலாந்தில் பராமரிப்பின் தரத்தைச் சோதிக்கிற ஆணையமான சிக்யூசி, குட் ரேட்டிங் கொடுத்திருக்கிறது, கண்ணை மூடிக்கொண்டு சேர்த்துவிடலாமா?’ என்று எழுதியிருந்தாய். சேர்ப்பது உன் இஷ்டம். கண்ணை மட்டும் மூடாதே.

முதலில் உன் அத்தை எப்படி இருக்கிறார்? உன்னை உன் நாத்தனார் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார் என்று எழுதியிருந்தாயே, படித்துவிட்டுச் சிரித்தேன், பிறகு கஷ்டமாக இருந்தது. மறதி நோய் வந்தவர்களோடு இருபது வருஷமாகப் புழங்குகிறேன். வீட்டில் வைத்துப் பார்ப்பவர்களின் களைப்பு எனக்குத் தெரியும். ஹோமில் விடுவது பாவம் என்று யாராவது சொன்னால் ஒரு ராத்திரி அவர்களைக் கண்விழிக்கச் சொல்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இங்கிலாந்தில் சிக்யூசியில் பதிவு செய்யாமல் கேர் ஹோம் நடத்துவதே குற்றம். இந்த ஆணையம் 2009-இல் பழைய மூன்று அமைப்புகளை ஒன்றாக்கி வந்தது. இன்ஸ்பெக்டர்கள் ஐந்து கேள்விகளோடு வருவார்கள். பாதுகாப்பாக இருக்கிறதா, பலன் தருகிறதா, பரிவு இருக்கிறதா, ஆளுக்கேற்ற மாதிரி நடந்துகொள்கிறார்களா, நிர்வாகம் ஒழுங்காக இருக்கிறதா. ஒவ்வொன்றுக்கும் தனி ரேட்டிங், பிறகு மொத்தத்துக்கு ஒன்று. நாலே படிதான்: அவுட்ஸ்டாண்டிங், குட், அதற்குக் கீழே ‘திருத்திக்கொள்ள வேண்டும்’, கடைசியில் ‘போதாது’. 2015 ஏப்ரலிலிருந்து அதை எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டிவைக்க வேண்டும் என்பது சட்டம். நீ வாசலில் பார்த்தது அதுதான்.

மொத்தத்துக்கு குட் என்றால் ஐந்திலும் குட் என்று நினைத்துவிடாதே. ஒன்றில் ‘திருத்திக்கொள்ள வேண்டும்’ வாங்கியிருந்தாலும் மொத்தம் குட் ஆகலாம். அந்த ஒன்று ‘பாதுகாப்பு’ என்றால்? அடுத்தது தேதி. கோவிட்டுக்குப் பிறகு பல ஹோம்களில் பாதுகாப்பையும் நிர்வாகத்தையும் மட்டும் பார்த்துவிட்டுப் போனார்கள். மற்ற மூன்றுக்கும் பழைய ரேட்டிங் அப்படியே தொடர்ந்தது. ரிப்போர்ட் மேலே புதுத் தேதி இருக்கும், ‘பரிவு’க்குக் கொடுத்த குட் மட்டும் ஐந்தாறு வருஷம் பழையதாக இருக்கும். அதற்குள் மேனேஜர் மாறியிருப்பார், பாதி ஆட்கள் மாறியிருப்பார்கள், முதலாளியே மாறியிருக்கலாம். ஆகவே முதல் பக்கத்தோடு நிற்காமல் முழு ரிப்போர்ட்டையும் இறக்கிப் படி. முந்தைய ரிப்போர்ட்டையும் பக்கத்தில் வைத்துப் படி. அதே குறை இரண்டிலும் வந்தால் உஷாராகிவிடு.

இன்ஸ்பெக்டர்கள் பெரும்பாலும் சொல்லாமல்தான் வருவார்கள். அந்தக் காலை எப்படி இருக்கும் தெரியுமா? ரிசப்ஷனிலிருந்து ஒரு போன், அவ்வளவுதான், மாடி முழுக்கப் பரபரப்பு. இதுவரை யாருக்கும் சொல்லாத ஒன்றை உன்னிடம் சொல்கிறேன்.

பல வருஷம் முன்னால், வேறொரு நர்சிங் ஹோமில் இருந்தேன். படுக்கையிலேயே கிடந்த ஒரு பாட்டியை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும், இல்லையென்றால் படுக்கைப் புண் வந்துவிடும். திருப்பியதும் சார்ட்டில் நேரம் போட்டுக் கையெழுத்து. இன்ஸ்பெக்டர் அம்மா பதினோரு மணிக்கு அந்த அறைக்குள் போய் சார்ட்டை எடுத்துப் பார்த்தார். பன்னிரண்டு மணிக்கும் இரண்டு மணிக்கும் திருப்பியாகிவிட்டது. கையெழுத்து என்னுடையது.

பாட்டியைத் திருப்பாமல் விட்டதே இல்லை, மல்லிகா, அது சத்தியம். அன்றைக்கு இரண்டு பேர் வரவில்லை, எழுத நேரம் இருக்காது என்று காலையிலேயே எழுதிவைத்துவிட்டேன். எல்லோரும் செய்ததுதான். அந்த அம்மா கோபப்படவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், குறித்துக்கொண்டார். பாதுகாப்பில் ஹோம் ஒரு படி இறங்கியது, எனக்கு விசாரணை, கண்ணீர் எல்லாம் ஆனது. ‘வேலை செய்தவளைப் பிடித்தார்கள், ஆள் போடாதவர்களை விட்டார்கள்’ என்று மாதக்கணக்கில் பொருமினேன். ரிப்போர்ட் வந்ததும்தான் முழுதாகப் படித்தேன். ஆள் பற்றாக்குறையையும் எழுதியிருந்தார், என் சார்ட்டுக்கு முந்தின பத்தியிலேயே.

அன்று அவர் செய்த இன்னொன்றும் மறக்கவில்லை. மதியம் லவுஞ்சில் ஒரு மூலையில் ஒரு மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். முதலில் ஓய்வெடுக்கிறார் என்று நினைத்தேன். அது சோஃபி என்கிற முறை, பிராட்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து உருவாக்கியது. வாய்விட்டுச் சொல்ல முடியாதவர்கள் சிலரைத் தேர்ந்தெடுத்து, சில நிமிஷத்துக்கு ஒரு தடவை குறித்துக்கொண்டே போவார்கள்: முகம் எப்படி இருக்கிறது, எதிலாவது ஈடுபட்டிருக்கிறாரா, பக்கத்தில் போகிற ஊழியர் பேசினாரா, இல்லை மேஜையைத் துடைப்பது மாதிரி அவர் வாயைத் துடைத்துவிட்டு நகர்ந்தாரா. உன் அத்தை மாதிரி ஆட்களுக்காகவே வந்த முறை. நீ ஹோமைப் பார்க்கப் போகும்போது இதையே செய். சுற்றிக் காட்டுகிறவரிடம் ‘கொஞ்ச நேரம் இங்கே உட்காரட்டுமா’ என்று கேள். அரை மணி நேரம் போதும்.

எல்லா இன்ஸ்பெக்டரும் அப்படி இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிரிஸ்டல் பக்கத்தில் வின்டர்போர்ன் வ்யூ என்று ஒரு தனியார் மருத்துவமனை, கற்றல் குறைபாடு உள்ளவர்களுக்கானது. அங்கே அடித்தார்கள், கொடுமைப்படுத்தினார்கள். ஒரு சீனியர் நர்ஸ் சிக்யூசிக்குத் திரும்பத் திரும்பச் சொன்னார், யாரும் கண்டுகொள்ளவில்லை. 2011-இல் பிபிசி ரகசியக் கேமராவில் பிடித்துப் பனோரமா நிகழ்ச்சியில் காட்டிய பிறகுதான் மூடினார்கள். ஊழியர்கள் ஆறு பேர் ஜெயிலுக்குப் போனார்கள்.

அதற்குப் பிறகு சிக்யூசி ரொம்பத் திருந்தியது, பிறகு மறுபடி சறுக்கியது. 2024-இல் பென்னி டாஷ் என்பவரை வைத்து அரசு சிக்யூசியையே சோதித்துப் பார்த்தது. சோதனைகள் 2019-இல் நடந்ததில் பாதிகூட இல்லை, ஐந்தில் ஓரிடத்துக்கு ரேட்டிங்கே கொடுத்ததில்லை என்று தெரியவந்தது. மறதி நோய் உள்ள ஒருவரைக்கூடச் சந்தித்திராத ஒருவர் கேர் ஹோம் இன்ஸ்பெக்டராக இருந்தாராம். படித்தபோது அந்தப் பதினோரு மணி அம்மாவை நினைத்துக்கொண்டேன். அவர் மாதிரி பழுத்தவர்கள் நிறையப் பேர் போய்விட்டார்கள்.

நேரில் போகும்போது மேனேஜரைக் கட்டாயம் பார். ஹோமுக்குப் பொறுப்பு என்று சிக்யூசியில் பெயர் பதிவாகியிருக்கிற ஆள் அவர்தான். எத்தனை வருஷமாக இருக்கிறார் என்று கேள். வருஷத்துக்கு ஒரு மேனேஜர் என்றால் நான் சேர்க்க மாட்டேன், ரேட்டிங் என்னவாக இருந்தாலும். ராத்திரியில் எத்தனை பேர், அதில் ஏஜென்சி அனுப்புகிற தற்காலிக ஆள் எத்தனை என்றும் கேள். அப்புறம், ‘கடைசியாக இங்கே யார் விழுந்தார்கள், அதற்குப் பிறகு என்ன மாற்றினீர்கள்’ என்று கேள். பெயர் சொல்ல மாட்டார், சொல்லவும் கூடாது. ஆனால் ‘இங்கே யாரும் விழுவதில்லை’ என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடு. வயதானவர்கள் இருக்கிற இடத்தில் விழுவார்கள். பெரிய காயம், கொடுமை செய்ததாகப் புகார், போலீஸ் வந்தது, எல்லாவற்றையும் ஹோமே சிக்யூசிக்குத் தெரிவித்தாக வேண்டும். ஒளிக்காமல் சொல்லிப் பழகிய ஹோம் உன்னிடமும் சொல்லும்.

நாளைக்கு ஏதாவது பிரச்சினை என்றால் சிக்யூசி உன் ஒருத்தியின் புகாரைத் தீர்த்துவைக்காது. நிறைய பேர் அப்படி நம்பி ஏமாறுகிறார்கள். முதலில் ஹோமிடம் எழுத்தில் கொடுக்க வேண்டும், சரியாகாவிட்டால் புகார்களை வெளியிலிருந்து விசாரிக்கிற ஆம்புட்ஸ்மேன். ஆனாலும் சிக்யூசிக்கும் ஒரு வரி எழுதிப்போடு. அடுத்து எந்த ஹோமைப் போய்ப் பார்ப்பது என்று தீர்மானிக்க அவர்கள் அதையும் வைத்துக்கொள்கிறார்கள்.

உன் வீட்டுக்காரர், ‘வீட்டிலேயே தனியாக ஒரு ஆளைச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்ளலாமே’ என்கிறார் என்று எழுதியிருந்தாய். வைக்கலாம். ஆனால் ஏஜென்சி இல்லாமல் நீங்களே நேரடியாக வைத்தால் அந்த ஆளுக்கு சிக்யூசி பதிவும் கிடையாது, சோதனையும் கிடையாது. இன்ஸ்பெக்டர் வேலையையும் நீதான் பார்க்க வேண்டும். உன்னைத் தெரிந்தவரைக்கும், தினமும் சார்ட் கேட்பாய்!

சின்னவள் பரீட்சை எழுதிவிட்டாள், பெரியவன் இன்னும் வேலை தேடிக்கொண்டிருக்கிறான், நான் அடுத்த மாசத்திலிருந்து வாரம் இரண்டு ஷிஃப்ட்தான். மற்றதெல்லாம் போனில். வரும் சனிக்கிழமை எனக்கு லீவு. ஹோமைப் பார்க்கப் போவதாக இருந்தால் நானும் வருகிறேன். காலையில் வேண்டாம், சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் போகலாம், அப்போதுதான் ஆள் குறைவாக இருப்பார்கள். அத்தையையும் கூட்டிக்கொண்டு வா. அவரிடம் பேசுகிறார்களா, இல்லை அவர் தலைக்கு மேலே நம்மிடம் பேசுகிறார்களா, பார்ப்போம்.

அன்புடன்,
உன் வசந்தி