சனிக்கிழமை சாட்சிக் கூடுகை, கோத்தகிரி

அன்பானவர்களே, ஸ்தோத்திரம்.

வரும் சனி மாலை 3 மணிக்கு நம் ஜெபக்குழு வழக்கமான வீட்டில் கூடும். பொருள்: நித்தியத்துக்காக வாழ்வது.

1. பிரசங்கி 3:11, 1 பேதுரு 3:15 வாசித்து வாருங்கள். பிரசங்கியில் நம் பழைய வேதாகம மொழிபெயர்ப்பு, தேவன் ‘உலகத்தை’ மனிதர் உள்ளத்தில் வைத்தார் என்கிறது. ‘ஓலாம்’ என்ற அந்த எபிரெயச் சொல்லுக்கு நித்தியம் என்றும் பொருள். எனக்கு இது பெரிய ஆறுதல். இதைத்தான் அதிகம் பேசப்போகிறோம்.

2. சாட்சி சொல்ல, அதாவது தேவன் தங்கள் வாழ்வில் செய்ததைப் பகிர, 3 பேர் வேண்டும், ஆளுக்கு 5 நிமிடம். பெரிய அற்புதம்தான் வேண்டும் என்றில்லை. கொழுந்து பறிக்கும் இடத்தில் கோபத்தை விட்டு மன்னித்ததும் சாட்சிதான்.

3. குடை, ஸ்வெட்டர் கொண்டு வாருங்கள். மூடுபனிக்கு முன் 5 மணிக்கு முடிப்போம்.

வருகிறவர்கள் ‘வருகிறேன்’ என்றும், சாட்சி சொல்பவர்கள் ‘சாட்சி’ என்றும் வெள்ளி இரவுக்குள் பதில் போடுங்கள்.